கேட்காததைச் சொல்லாதவர்

டாக்டரிடம் போனால் அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவார், அது வேறு. நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மல்லாத்தி, டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன செய்யுதுங்க?" என்று டாக்டர் கேட்பார். "பாருங்க" என்பார் அண்ணன். அவ்வளவுதான். வெளியே வந்ததும் என்னிடம் வழக்கு வைப்பார்.

"பாத்தியா? என்ன செய்யுதுண்டு என்கிட்டயே கேக்குறான். எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குடா அவன்கிட்டப் போறேன்? பக்கத்துல நானே ஒரு போர்டை மாட்டி உக்காந்துருவேன்ல?"

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தேனி மாவட்டத்துக் கம்பத்தில் பழைய ஜீப், வேன், கார் வாங்கி விற்றுக்கொடுக்கும் புரோக்கர். பக்கத்துக் கடை என்னுடையது. வண்டி இன்சூரன்ஸ், ஆர்.சி. பெயர் மாற்றம் என்று காகித வேலை. வண்டிக்கு அவர் ஜாதகம் பார்ப்பார், நான் பதிவுத் திருமணம் செய்துவைப்பேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் பழைய ஜீப் வைத்திருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு கதையோடு வந்து நிற்பார்கள். சிலர் கதையோடு மட்டும் வர மாட்டார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்க வருகிறவன் "வண்டி எப்படி?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், "இங்கனதான் நிக்கிது, பாத்துக்கங்க" என்பார். குறிப்பாகக் கேட்டால் மறைக்க மாட்டார். "ஆயில் குடிக்குமா?" என்றால், "குடிக்கும்" என்று சத்தியம் செய்கிற மாதிரி சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார், கேட்டதற்குப் பொய் சொல்ல மாட்டார். அரிச்சந்திரன் பாதி, கமிஷன் மண்டி பாதி.

ஒருமுறை மேகமலையில் ஏலக்காய் எஸ்டேட் பார்க்கும் ஒரு சூப்பர்வைசருக்கு ஜீப் ஒன்றைக் கைமாற்றினார். அந்த ஜீப்பில் ரிவர்ஸ் கியர் விழாது. அண்ணன் அதை ரோட்டைப் பார்க்க நிறுத்திவைத்திருந்தார். வந்தவர் இன்ஜின் கேட்டார், பிரேக் கேட்டார், டயரை உதைத்துப் பார்த்தார், நேராக ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் மலைரோட்டில் ஒரு வளைவில் பஸ் எதிரே வந்துவிட்டது. ஜீப் பின்னால் போக வேண்டிய இடம். போகவில்லை. கடைசியில் பஸ்ஸே பின்னால் போனதாம், உள்ளே இருந்த ஜனம் முழுக்கச் சூப்பர்வைசரின் ஏழு தலைமுறையையும் விசாரித்தபடி. மறுநாள் மனுசன் மலையிறங்கி வந்து குதிகுதியென்று குதித்தார்.

"ரிவர்ஸ் விழுமாண்டு கேட்டீகளா?" என்றார் அண்ணன் நிதானமாக.

"யோவ், அதைப் போய் யாராச்சும் கேப்பாகளா?"

"நான் கேப்பேன்."

உண்மைதான், அவர் கேட்பார். அன்று சாயங்காலமே மெக்கானிக்கை அனுப்பிச் சரிசெய்தும் கொடுத்தார். இப்போது கேட்டுவிட்டாரே, அதனால்.

வீட்டிலும் இதே கூத்துதான். சாம்பாரில் உப்பு இல்லையென்றால் சொல்ல மாட்டார். தட்டை இரண்டு விரற்கடை தள்ளி வைப்பார். அது உப்பா, புளியா, காரமா, இல்லை நேற்றைய சண்டையா என்று அண்ணி கண்டுபிடிக்க வேண்டும். "இந்த மனுசன் மூஞ்சியப் படிச்சுப் படிச்சே எனக்குக் கண்ணாடி போட்டாச்சு" என்று அண்ணி என்னிடம் சொல்லியிருக்கிறார். பாவம், அந்தப் படிப்புக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அது வந்தது. ஒரு மத்தியானம், என் கடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, நல்லபடி ஒரு வண்டி கைமாறிய நாள். திடீரென்று போண்டா கையிலிருந்து விழுந்தது. முகம் சாம்பல் பூத்துப்போனது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. எழுந்தார், உட்கார்ந்தார், என் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். "என்னண்ணே, என்னண்ணே" என்று நான் அலறுகிறேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ சொல்லு" என்றார். என்ன நடந்தது என்று அன்றைக்கு நான் குறிப்பாகக் கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை சலூனில். கழுத்தைச் சுற்றி வெள்ளைத்துணி, முகத்தில் பாதி மழித்தாகிவிட்டது. அப்படியே எழுந்து, துணியோடு, ஒரு கன்னத்தில் நுரையோடு, மெயின் ரோட்டில் இறங்கி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு சலூன் பக்கமே போகவில்லை. தாடி வளர்ந்தது. ஊர் பார்த்தது, யோசித்தது, வேண்டுதல் என்று தீர்ப்பு எழுதியது. "எப்ப மாலை போடுறீக?" என்று கேட்டவர்களுக்கு, "இன்னும் போடல" என்று உண்மையைச் சொன்னார். நாலு பேர் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு பஸ்ஸில் ஏறுவது நின்றது. பிறகு வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் நின்றது. "நீ ஓட்டு, நான் வெளிய நின்னு கேக்குறேன்" என்பார். வாங்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். "ஓட்டாமயே காதால கேட்டுச் சொல்றாருய்யா!" என்று அவர் மதிப்பு இரண்டு மடங்கு ஏறியது. ஸ்டியரிங்கைத் தொட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வளைவில் செத்துவிடுவோம் என்று கை மரத்துப்போகிறது என்பது யாருக்குத் தெரியும்? பிரேக் சரியில்லாத ஜீப்பைக் கம்பம்மெட்டு வளைவுகளில் விசிலடித்துக்கொண்டு இறக்கிய மனுசன், பேங்குக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான். அவர் சொல்லவில்லை.

ஊரில் டாக்டருக்கா பஞ்சம்? டீக்கடையில் மட்டும் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் வாயு என்றார், இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னார். ஒருவர் வண்டி விற்ற பொறாமையில் யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்றார். ஒரு ரிட்டயர்டு வாத்தியார், உழைப்பு இல்லாத உடம்புக்கு வருகிற கொழுப்பு என்று ஐந்தே வார்த்தையில் முடித்தார். அண்ணியின் அக்கா வந்து மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு, நெடி வரவில்லை, அப்ப கண்ணேறு பலமாத்தான் இருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். எல்லோரும் சொன்னார்கள். அவரிடம் ஒரு கேள்வி கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

நிஜ டாக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? மணிக்கட்டை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் அவர்களும் என்னதான் செய்வார்கள்? மிஷினிடம் அனுப்பினார்கள். ஈசிஜி, எக்கோ, மேலே ஏறி ஓடுகிற டிரெட்மில், தைராய்டு, சர்க்கரை, வயிற்றுக்குள் குழாய் விட்டு ஒரு படம். எல்லாம் நார்மல். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, ஏமாற்றப்பட்ட முகத்தோடு வெளியே வருவார்.

"ஒண்ணும் இல்லையாம்டா."

"நல்லதுதானண்ணே?"

"என்ன நல்லது? வண்டி நடுரோட்டுல நிக்கிது. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லைங்கிறான். அவனை அடிப்பியா, கும்புடுவியா?"

போகும்போது எல்லா டாக்டரும் ஒரே பிரசாதம் கொடுத்தார்கள்: டென்ஷனைக் குறைங்க. எங்கே விற்கிறது அந்த ஸ்குரூ டிரைவர் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. அண்ணன் கேட்கவில்லை. இன்னொரு டாக்டரைத் தேடினார். ஃபைல் தடித்துக்கொண்டே போனது.

இதற்கு நடுவில் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. ஒரே மகள். உத்தமபாளையத்தில் ஒரு காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். அப்பாவைக் கேள்வி கேட்டே வளர்ந்த பிள்ளை, வேறு வழியில்லை. மாப்பிள்ளை வீடு கோம்பை. சம்பந்தி திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர், நல்ல மனுசர், குரல் மட்டும் ஒலிபெருக்கி. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரம். சம்பந்தி தட்டை நீட்டுகிறார், அண்ணன் கையை வைக்கிறார், வைத்த கையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிச் சனத்தைப் பிளந்துகொண்டு வெளியே போய்விட்டார். சம்பந்தி தட்டும் கையுமாக நின்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் அண்ணன் தரையில் உட்கார்ந்திருக்கிறார், கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் மகள் என் முன்னாலேயே கேட்டாள்.

"அப்பா, கேட்டாச் சொல்லுவீகள்ல? கேக்குறேன். கல்யாணத்தன்னைக்கு மணையில உக்காந்து என் கையைப் பிடிச்சுக் குடுப்பீகளா, மாட்டீகளா?"

அண்ணன் அவளையே பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத வாய். "தெரியலத்தா" என்றார்.

அவள் அழுதுவிட்டாள். "நீங்க பிடிச்சுக் குடுக்காட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்ப்பா." அண்ணன் எழுந்து உள்ளே போனார். இருபது வண்டி ரிப்பேரைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிற ஆளுக்குத் தன் ரிப்பேருக்குப் பெயர்கூடத் தெரியவில்லையே என்று அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

ஃபைலில் கடைசிக் காகிதத்தில் ஓர் இளவயது டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். அதை அண்ணன் நாலாய் மடித்து அடியில் வைத்திருந்தார். தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் நான்தான் நேரம் வாங்கினேன். என் காரில்தான் போனோம். காரில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்த மனுசனை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிளினிக்கிலும் கழற்றவில்லை. எதிர் பெஞ்சில் ஒருவர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு கண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் அண்ணனிடம் வேன் வாங்கியவர். ஹெல்மெட்டும் துண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்றையொன்று பார்க்கவே இல்லை என்று இரண்டும் அப்போதே பேசாமல் பேசி முடித்துக்கொண்டன.

உள்ளே போனதும் வழக்கம்போல மணிக்கட்டு மேசைக்கு வந்தது. டாக்டரம்மா அதைத் தொடவில்லை.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க. என்ன தொழில் பண்றீங்க?"

"பழைய வண்டி."

"வண்டி ஓனர் வாயே திறக்கலைன்னா என்ன செய்வீங்க?"

"கேள்வி கேப்பேன். கேட்டு வாங்கிருவேன்."

"சரி. அப்ப நானும் கேக்குறேன்" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டர் அவர் சட்டப்படி வந்திருக்கிறார். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சொல்லிக்கொண்டு வருமா, சொல்லாமல் வருமா? சொல்லாமல். உச்சிக்குப் போக எவ்வளவு நேரம்? சில நிமிசம். நெஞ்சு படபடக்குமா, வேர்க்குமா, கை மரக்குமா, தொண்டை அடைக்குமா? எல்லாம். அந்த நேரம் மனசுல என்ன ஓடும்?

அண்ணன் தயங்கினார். "செத்துருவேன்னு. இல்லாட்டி பைத்தியம் பிடிச்சிரும்ண்டு."

எத்தனை முறை வந்திருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். வராத நாளில் வந்துவிடுமோ என்ற பயம் எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்டார். அதற்காக எதையெல்லாம் விட்டீர்கள் என்றார். அண்ணன் விரல் மடக்கினார்: சலூன், பஸ், ஸ்டியரிங், மண்டபம். காப்பி எத்தனை, குடி உண்டா, வேறு மாத்திரை உண்டா? எல்லா விசயத்துக்கும் எந்நேரமும் கவலைப்படுகிற ஆளா, இல்லை இது ஒன்றுதானா? நாலு பேர் பார்த்தால் கூச்சமா, இல்லை தப்பித்துப் போக முடியாதே என்ற பயமா? தைராய்டு ரிப்போர்ட்டையும் ஹார்ட் ரிப்போர்ட்டையும் வாங்கி நிதானமாகப் படித்தார். முக்கால் மணி நேரம். நான் மூலையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். இத்தனை வருடம் பக்கத்துக் கடையில் இருந்தவனுக்குத் தெரியாத மனுசன் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குப் பேரு பேனிக் டிஸ்ஆர்டர்" என்றார் டாக்டரம்மா. "கார்ல திருட்டு அலாரம் இருக்கும்ல? பூனை குதிச்சாலும் கத்தும். சில நேரம் பூனைகூட வேணாம். திருடன் இல்லைங்கிறதுக்காக அலாரம் கத்தலைன்னு சொல்ல முடியுமா? உங்களுக்கு வர்ற படபடப்பு நிஜம், பயம் நிஜம். ஆனா அதுனால உசுரு போகாது."

"இதைக் கண்டுபிடிக்க என்ன ஸ்கேனு?"

"ஸ்கேன் கிடையாது."

"ரத்த டெஸ்ட்டு?"

"அதுவும் கிடையாது. வேற ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணத்தான் அதெல்லாம். மத்தபடி நீங்க வாயால சொல்றதுதான் டெஸ்ட்டு."

அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை டாக்டரிடம் அவர் எதைப் பூட்டி வைத்திருந்தாரோ, அது ஒன்றுதான் சாவி என்கிறார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார், வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும் என்றார், பயந்து விட்ட இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகவேண்டும் என்று பயிற்சியும் சொன்னார். திரும்பி வரும்போது அண்ணன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

நாலாவது நாள் சம்பந்தி வந்துவிட்டார், இரண்டு தார் வாழைப்பழத்தோடு. அண்ணன் கடையில் இருந்தார், நானும் இருந்தேன். சம்பந்தி அண்ணனைக் கேட்கவில்லை. மரியாதை! என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்து, அந்த ஒலிபெருக்கியைக் குறைத்துக் கேட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீக. சம்பந்திக்கு வலிப்பு கிலிப்பு, இல்ல மனசுல எதும் கோளாறுண்டு எங்க பக்கம் பேசுறாக. பொம்பளையாளுக பயப்படுறாக. பரம்பரையா வருமாண்டு கேக்குறாக."

மனநல டாக்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் கோம்பை தாண்டிப் பறந்துவிடும். யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஹார்ட்டு. ரெண்டு பிளாக்கு இருக்காம்" என்றேன்.

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது! "அட, ஹார்ட்டா! இதைச் சொல்றதுக்கென்ன? எங்கப்பாவுக்கே ரெண்டு இருந்துச்சே!" என்று ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் நெஞ்சில் அடைப்பு வந்தால் அந்தஸ்து, அதே நெஞ்சில் படபடப்பு வந்தால் அவமானம். இதை எந்த டாக்டர் எந்தப் புத்தகத்தில் படித்தாரோ தெரியாது, கம்பம் பள்ளத்தாக்கில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்.

அவர் போனதும் அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏண்டா சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல?"

"என்கிட்ட அவரு கேக்கல" என்றார் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்." ஆனால் சம்பந்தியைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்கிற பழக்கம்தான் இல்லையே.

அடுத்த மூன்று மாதம் அந்த மனுசன் பட்ட பாட்டைப் பார்த்தால் எதிரிக்கும் இரக்கம் வரும். முதலில் சின்னமனூர் பஸ்ஸில் ஒரு ஸ்டாப். பிறகு மூன்று ஸ்டாப். நடுவில் ஒருநாள் வேர்த்து வழிந்து, இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்து, எனக்குப் போன் செய்து, "வந்துச்சுடா. அதுபாட்டுக்கு வந்துச்சு, அதுபாட்டுக்குப் போயிருச்சு" என்றார். என்னமோ சொந்தக்காரர் வந்துபோன மாதிரி. சலூனில் போய் உட்கார்ந்து தாடியை எடுத்தார். நேர்த்திக்கடன் முடிந்துவிட்டது என்று ஊர் நிம்மதி அடைந்தது. கல்யாண மணைக்கு ஒத்திகையாக, என் கடையின் உள்ளறையில் ஒரு பலகையைப் போட்டு, சாம்பிராணிப் புகையை மூட்டி, மூன்று மேசை விசிறியையும் அணைத்துவிட்டு, அரைமணி நேரம் சம்மணம் போட்டு உட்காருவார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து இருமுவார். இன்சூரன்ஸ் போட வந்தவர்கள் ஏதோ ஹோமம் என்று விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசி வாரம் மகளே வந்து எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழு அரைமணி நேரமும் உட்கார்ந்தார். "இப்பக் கேளுத்தா" என்றார். அவள் கேட்கவில்லை, சிரித்தாள்.

கல்யாணம் உத்தமபாளையத்தில். மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாட்டில் ஒருபக்கம் ஐஸ்கிரீம், இன்னொரு பக்கம் ஆம்புலன்ஸ். "சம்பந்திக்காகத்தான்! ஆக்சிஜன் எல்லாம் இருக்கு!" என்று சம்பந்தி வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். சிலர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஐயர் பெண்ணைப் பெற்றவர்களைக் கூப்பிட்டார். அண்ணன் பட்டுவேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார், அண்ணி எழுந்தார். சம்பந்தி குறுக்கே வந்துவிட்டார்.

"சம்பந்தி, நீங்க உக்காருங்க. ஹோமப் புகை ஹார்ட்டுக்கு ஆகாது. நான் நேத்தே ஒங்க அண்ணங்கிட்டப் பேசிட்டேன். அவுகளும் அவுக சம்சாரமும் தாரை வாத்துருவாக."

பார்த்தால், சின்னமனூரிலிருந்து வந்த அண்ணனின் அண்ணன் பட்டு கட்டி, மாலை போட்டு, ஏற்கெனவே மணையில் உட்கார்ந்திருக்கிறார். மகள் மேடையிலிருந்து அப்பாவைப் பார்க்கிறாள். அந்தக் கண்ணை நான் மறக்கவே மாட்டேன்.

"எனக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன்.

மேளச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. அண்ணன் குரலை உயர்த்தினார். யாரும் கேட்காமல், தன் வாயால், மண்டபமே கேட்கச் சொன்னார். "எனக்கு வந்தது பேனிக் டிஸ்ஆர்டரு. மனசு டாக்டர்கிட்டப் போனேன். மாத்திரை சாப்பிடுறேன். இப்ப நல்லாருக்கேன். எம் மகளுக்கு நாந்தேன் உக்காருவேன்."

சம்பந்தியின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீகளாய்யா! மக கல்யாணத்துல உக்காரணும்ங்கிற ஆசையில தன்னையே பைத்தியம்ங்கிறாகளே!" என்றார். பொம்பளையாட்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணனுக்குக் கோபத்தில் முகம் சிவந்தது, நெற்றியில் வேர்த்தது. "வேர்க்குது பாரு, வேர்க்குது பாரு! பிடிங்கய்யா!" என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா! அவங்கிட்டக் கேளுங்க!" என்று அண்ணன் என்னைக் காட்டினார்.

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். மொத்த மண்டபமும் திரும்பியது. "நீங்களே சொல்லுங்க தம்பி. அன்னைக்கு ரெண்டு பிளாக்குண்டு நீங்கதான சொன்னீக? பிளாக்கு இருக்கா, இல்லையா?"

இவ்வளவு குறிப்பாக என்னை வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னால் நான் பொய்யன், அவர் மனநோயாளி, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம், மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளையாட்கள் முன்வரிசையில். பயந்துவிட்டேன். எனக்கு எந்த டிஸ்ஆர்டரும் கிடையாது, வெறும் கோழைத்தனம்தான். அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரமெல்லாம் வேண்டாம்.

"அண்ணே, உக்காருங்கண்ணே" என்றேன்.

தூக்கிவிட்டார்கள். காலையிலிருந்து சும்மா நின்றிருந்த ஆம்புலன்ஸ்காரன் பாய்ந்து வந்தான். ஸ்ட்ரெச்சரில் பட்டுவேட்டியோடு கட்டி ஏற்றினார்கள். தெரிந்தவன் என்று என்னையும் கூட ஏற்றிவிட்டார்கள். வண்டி தெருமுனை திரும்பும்போது பின்னால் கெட்டிமேளம் கொட்டியது.

"வண்டியைத் திருப்பச் சொல்லுடா" என்றார்.

"பேஷண்டை ஏத்திட்டா ஆஸ்பத்திரிலதான் சார் இறக்க முடியும்" என்றான் டிரைவர் முன்னாலிருந்து.

அண்ணனுக்குப் படபடப்பு வரவில்லை. மூச்சு சீராக இருந்தது, கை நடுங்கவில்லை. மூக்கின்மேல் வைத்த ஆக்சிஜன் மூடியை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரு உங்கிட்டக் கேட்டாருல்லடா?"

"கேட்டாருண்ணே" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.